ஓட ஓடச் சரியாகிவிடுமா?

கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் செட்டும் ஃப்ளைவீலும் புதிதாக மாட்டி, வண்டியை வெளியே எடுக்கும்போதே நியூட்ரலில் ஒரு கடகடப்பு. பெடலை மிதித்தால் நிற்கிறது, விட்டால் மறுபடி கேட்கிறது. “புது செட்டு சார், ஓட ஓடச் சரியாகிவிடும்” என்கிறார் மெக்கானிக்.

பாதி உண்மை. புதிய கிளட்ச் பிளேட் படிந்து உட்காரச் சில நூறு கிலோமீட்டர் ஓட வேண்டும். அதுவரை லேசான வாடையும் சிறு இழுப்பும் இயல்பு. ஆனால் இந்தக் கடகடப்பு படிந்து போகிற ரகமல்ல. பல டீசல் கார்களில் கம்பெனியிலேயே இரட்டை நிறை ஃப்ளைவீல் இருக்கும். இரண்டு வட்டுகள், நடுவே ஸ்பிரிங்குகள். எஞ்சினின் துடிப்பை அந்த ஸ்பிரிங்குகள் விழுங்கிக்கொள்ளும். விலை அதிகம் என்பதால் அதை எடுத்துவிட்டு, வெளிச் சந்தையில் கிடைக்கும் ஒற்றை வட்டு ஃப்ளைவீலை மாட்டுகிறார்கள். அதன்பின் துடிப்பு நேராகக் கியர்பாக்ஸுக்குப் போகிறது, சும்மா நிற்கும்போது பற்கள் ஒன்றோடொன்று தட்டுகின்றன. பொருளில் குறை இல்லாமலேயே வரும் சத்தம் இது. கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங் தேய்ந்திருந்தாலும் இதே மாதிரிதான் கேட்கும். எது என்று பார்த்துச் சொல்வது பட்டறையின் வேலை.

கேள்வி வேறு: மாற்றும் முன் இதை உரிமையாளரிடம் சொன்னார்களா? பொருளின் தன்மையையும் தரத்தையும் அறியும் உரிமையை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தருகிறது.

மற்றச் சத்தங்களுக்கு வேறு கதை. பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்றால் முதல் சந்தேகம் ரிலீஸ் பேரிங் மீது. வண்டி நகரும்போது உடம்பே குலுங்கினால் பிளேட்டில் எண்ணெயோ கிரீஸோ பட்டிருக்கலாம், அல்லது பழைய ஃப்ளைவீலை லேத்தில் முகம் எடுக்காமலேயே மாட்டியிருக்கலாம். ரிவர்ஸ் கியர் கரகரத்தால் ஹைட்ராலிக் குழாயில் காற்று நின்றிருக்கலாம்; பிளேட்டைத் திருப்பி மாட்டியிருந்தாலும் கியர் விழாது. சில எஞ்சின்களில் சென்சார் படிக்கும் பற்கள் ஃப்ளைவீலிலேயே இருக்கின்றன. அங்கே பொருந்தாத ஃப்ளைவீல் மாட்டினால் எஞ்சின் விளக்கு எரியும், வண்டி ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம்.

ஆபத்தானவை இரண்டு. ஆக்சிலரேட்டரை மிதிக்க எஞ்சின் மட்டும் கத்தி, வேகம் ஏறாமல் வழுக்கும் கிளட்ச், முந்திச் செல்லும் நேரத்தில் கைவிட்டுவிடும். இன்னொன்று ஃப்ளைவீல் போல்ட். பல வண்டிகளில் அது ஒருமுறை முறுக்கினால் நீண்டுவிடும் ரகம். பழையதையே திருப்பிப் போட்டால் தளரலாம். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழலும் இரும்பு வட்டு அது. அடியிலிருந்து தட்டும் சத்தம் வந்தால் ஓட்டிப் பார்த்துச் சோதிக்காமல் வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாம் முறை கியர்பாக்ஸை இறக்கும்போதுதான் சண்டை தொடங்குகிறது. மெக்கானிக் பொருளைக் குறை சொல்வார், கடைக்காரர் மாட்டிய கையைக் குறை சொல்வார். இறக்கிவிட்டால் பாதி சாட்சியம் அழிந்துபோகும். ஆகவே இறக்கும் முன்பே சத்தத்தை ஓடோமீட்டர் தெரிய வீடியோ எடுத்து, குறையை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் அனுப்பி, முடிந்தால் வேறொரு பட்டறையில் பார்த்து எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. கழற்றிய பழைய பாகங்களையும் பெட்டியில் உள்ள பேட்ச் எண்ணையும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

பில் கேட்டால் முகம் சுளிக்கும் கடைகள் உண்டு. பில் தர மறுப்பதே சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்த வரியும் குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால், 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதே குற்றச்சாட்டில் வரும்.

வெளியில் வேலை பார்த்ததால் கம்பெனி வாரண்டியே போய்விடுமோ என்ற பயம் பலருக்கு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளிப் பட்டறைக்குப் போனதற்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. மேல்முறையீடுகள் பின்தொடர்ந்தன. ஆனால் வெளிச் சந்தை கிளட்சால் கியர்பாக்ஸ் கெட்டால், அதற்குக் கார் கம்பெனி பணம் தரும் என்று அந்த உத்தரவுக்கு அர்த்தமில்லை.

புகார் செய்ய முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கடைக்காரர், தயாரிப்பாளர், பட்டறை மூவரையும் ஒரே மனுவில் சேர்க்கலாம். பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கான செலவை மனுதாரரைக் கட்டச் சொல்லலாம். சொந்த டாக்சி ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோர்தான். சென்னை ஜிபி ரோட்டில் செட் வாங்கிய திருநெல்வேலிக்காரர் தன் ஊரிலேயே வழக்குப் போடலாம்.