லேசான ஷாக்தானே என்று விட்டுவிடாதீர்கள்

ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டால் விரல் நுனியில் சுர்ரென்று ஏறுகிறது. "லேசாத்தான் அடிக்குது, செருப்புப் போட்டுக்கிட்டா தெரியாது" என்று சொல்லிக்கொண்டு, மெஷினுக்கு முன்னால் ஒரு மரப்பலகையோ ரப்பர் மேட்டோ போட்டு, வருடக்கணக்கில் துவைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நம் ஊர்களில் ஏராளம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் முதல் நாளே சொல்லிவைக்கிறார்கள்: "மெஷின் கொஞ்சம் ஷாக் அடிக்கும்க்கா, பாத்துத் தொடுங்க." துவைக்கிற இடத்தில் வெறுங்காலோடு, ஈரத்தரையில், ஈரக் கையோடு நிற்பது பெரும்பாலும் பெண்கள்தான். அவர்கள் ஒவ்வொரு நாளும் எதன் மேல் கை வைக்கிறார்கள் என்பதை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தச் சுர்ரென்ற உணர்வு பெரும்பாலான வீடுகளில் சொல்லும் செய்தி ஒன்றுதான். எர்த் இணைப்பு இல்லை, அல்லது எங்கோ அறுந்திருக்கிறது.

காரணம் இது. இன்றைய மெஷின்களில் மின்னணு பலகைக்கு மின்சாரம் போகும் வழியில் ஒரு சிறு ஃபில்டர் இருக்கும். அதில் உள்ள கெபாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் மெஷினின் உலோக உடம்புக்கு இணைக்கப்பட்டிருக்கும். அவற்றின் வழியே மிகச் சிறிய அளவு மின்சாரம் கசியும். எர்த் கம்பி சரியாக இருந்தால் அது சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் போக வழியின்றி, மெஷினின் உடம்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அழுத்தத்தில் நிற்கும். கசிவு சிறியது என்பதால் தொட்டால் சுருக்கென்பதோடு முடிகிறது. புத்தம்புது மெஷினும் ஷாக் அடிப்பது இதனால்தான். கடைக்காரரிடம் சண்டை போட்டு வேறு மெஷின் வாங்கி வந்தாலும் அதுவும் அடிக்கும்.

இதுவரை உயிருக்கு ஆபத்தில்லை. ஆபத்து அடுத்த கட்டத்தில் காத்திருக்கிறது. ஒருநாள் எலி உள்ளே புகுந்து கம்பியைக் கடிக்கிறது. அல்லது உப்புத் தண்ணீரில் அரித்துப்போன ஹீட்டர் விரிசல் விடுகிறது. அல்லது ஒழுகும் குழாயிலிருந்து நீர் மோட்டார் முனையில் சொட்டுகிறது. இப்போது முழு 230 வோல்ட்டும் மெஷினின் உடம்புக்கு வந்துவிடும். எர்த் இருந்திருந்தால் அந்த மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குப் போயிருக்கும். இல்லாத வீட்டில், தொடுகிற மனிதரின் உடல்தான் வழி. மனித உடல் வழியே 30 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினாலே இதயத் துடிப்பு சீர்குலையும் அபாயம் உண்டு. நனைந்த தோலில் மின்சாரம் இன்னும் எளிதாகப் பாயும். நேற்றுவரை 'லேசாக' அடித்த அதே மெஷின் இன்று ஆளைக் கொன்றுவிடும். வெளிப்பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

மூன்று முள் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே உள்ள முள் மற்ற இரண்டைவிடத் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கும். பிளக்கைச் செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், உருவும்போது கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். அந்த முள்ளை உடைத்துவிட்டு இரண்டு ஓட்டை சாக்கெட்டில் செருகுவதும், இரண்டு முள் கன்வெர்ட்டர் வாங்கி மாட்டுவதும் அந்தக் காப்பை நாமே கழற்றி எறிகிற வேலை.

சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருப்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று நம்பிவிட முடியாது. பழைய வீடுகளில் பின்னால் கம்பியே வந்திருக்காது. வந்திருந்தாலும், கட்டிய காலத்தில் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழி வறண்டு, கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கும். கோடையில் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதே பலருக்கும் தெரியாது. இவற்றையெல்லாம்விட மோசமான ஒன்று உண்டு. ஷாக் அடிக்கிறது என்று கூப்பிட்டால், சில எலக்ட்ரீஷியன்கள் சாக்கெட்டைத் திறந்து எர்த் முனையையும் நியூட்ரலையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த நிமிடமே ஷாக் நின்றுவிடும். வீட்டுக்காரருக்கு நிம்மதி. ஆனால் என்றைக்காவது நியூட்ரல் கம்பி கம்பத்திலோ மீட்டர் பெட்டியிலோ அறுந்தால், வீட்டில் எரியும் ஒரு பல்பின் வழியாகவே ஃபேஸ் மின்சாரம் நியூட்ரலுக்குள் வந்து, நேராக மெஷினின் உடம்பில் ஏறிவிடும். மெஷினில் ஒரு பழுதும் இல்லாமலேயே உயிர் போகக்கூடிய இணைப்பு அது. இதைச் செய்கிறவர் திறமைசாலி அல்ல. அவரை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து, மல்டிமீட்டர் வைத்து உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அங்கே அப்பட்டமாகப் பூஜ்யம் காட்டினால், யாரோ இரண்டையும் சேர்த்துவைத்திருக்கிறார்களா என்று சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சோதனை முடியும்வரை மெஷினின் பிளக்கைக் கழற்றியே வையுங்கள்.

எர்த் மட்டும் போதாது. மெயின் போர்டில் ஆர்சிசிபி வேண்டும். "எங்க வீட்ல ட்ரிப்பர் இருக்கே" என்பவர்கள் பலரிடம் இருப்பது எம்சிபி. அது அதிகச் சுமையிலும் ஷார்ட் சர்க்யூட்டிலும் இறங்கிக் கம்பியைக் காப்பாற்றும், மனிதரைக் காப்பாற்றாது. ஒருவர் உடல் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆர்சிசிபி, போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளுக்கான 30 மில்லி ஆம்பியர் வகை, அந்த அளவு வித்தியாசம் வந்தவுடன் கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை வெட்டிவிடும். அதன் முகப்பில் 'டெஸ்ட்' என்ற சிறு பொத்தான் இருக்கும், அடையாளம் அதுதான். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். டக்கென்று கீழே விழாவிட்டால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஒன்றை மறக்க வேண்டாம்: எர்த் இல்லாத வீட்டிலும் அந்த டெஸ்ட் பொத்தான் வேலை செய்யும். எனவே இது சரியாக இருப்பதால் எர்த்தும் சரி என்று முடிவு கட்டக் கூடாது. ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதைத் தாண்டி நேர் இணைப்புக் கொடுக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். விழுவதென்றால் எங்கோ கசிகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வாடகை வீட்டில் இதற்கெல்லாம் யார் செலவு செய்வது? 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வீட்டு உரிமையாளர்–வாடகைதாரர் சட்டம், பராமரிப்புப் பொறுப்புகளை ஓர் அட்டவணையில் பிரித்துத் தந்திருக்கிறது. உள் வயரிங், வெளி வயரிங் ஆகியவற்றைச் சரிசெய்வது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட் போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவருடையவை. எர்த் கம்பி இழுப்பது வயரிங் வேலைதான். "ஐயா, எர்த் இல்லை, அளந்து பார்த்தோம், சரிசெய்து கொடுங்கள்" என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் அனுப்பிவையுங்கள். வாயால் சொன்னது பிற்பாடு நிற்காது.

சாக்கெட்டின் அளவும் முக்கியம். தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் உள்ள மெஷின் ஏறக்குறைய 2000 வாட் இழுக்கும். அதாவது 9 ஆம்பியர் அளவு. அதை 6 ஆம்பியர் சாக்கெட்டிலோ டிவிக்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ மாட்டினால் முதலில் பிளக் சூடாகும், பிறகு பிளாஸ்டிக் உருகும், பிறகு தீ. 16 ஆம்பியர் பவர் சாக்கெட் தனியாக வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அந்த முத்திரையின் உரிம எண் உண்மையானதா என்று பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம்.

குழந்தைகள் உள்ள வீட்டில் மெஷின் இன்னொரு வகையிலும் ஆபத்தானது. 2017 பிப்ரவரியில் டெல்லியின் ரோகிணி பகுதியில் மூன்று வயது இரட்டைச் சிறுவர்கள் வாஷிங் மெஷினில் இருந்த தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். தாய் சிறிது நேரம் வெளியே போயிருந்தார். தண்ணீர் நிரப்பிய மெஷினைத் திறந்துவைத்து நகராதீர்கள். பக்கத்தில் ஸ்டூல், பக்கெட் எதையும் போட்டுவைக்காதீர்கள். ஃப்ரண்ட் லோடு மெஷினில் சைல்டு லாக் என்று இருப்பது பல மாடல்களில் பொத்தான்களைத்தான் பூட்டும், கதவைப் பூட்டாது. ரப்பர் வளையம் காய்வதற்காகக் கதவைத் திறந்துவைக்கச் சொல்வார்கள். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் வளையத்தைத் துணியால் துடைத்துவிட்டு, ஆள் பக்கத்தில் இருக்கும்வரை காயவிட்டு, பிறகு மூடிவிடுவதே நல்லது.

செமி ஆட்டோமேட்டிக்கின் ஸ்பின் தொட்டியில் கை விடுவதும் ஆபத்துதான். சுற்றிக்கொண்டிருக்கும் துணி விரலைச் சுற்றினால் கையையே முறுக்கி இழுத்துவிடும். மூடியைத் திறந்த சில விநாடிகளில் தொட்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிரேக் தேய்ந்திருக்கிறது. மாற்றும்வரை ஸ்பின் போடாதீர்கள். ரெயின்கோட், வாட்டர்ப்ரூஃப் மெத்தை உறை போன்றவற்றை எந்த மெஷினிலும் ஸ்பின்னில் போடக் கூடாது. அவற்றுக்குள் தண்ணீர் குளம்போல் தேங்கி ஒரு பக்கமாக எடை ஏறி மெஷின் குதிக்கும். புது ஃப்ரண்ட் லோடு மெஷின் முதல் நாளே குதித்தால், போக்குவரத்துக்காகப் பின்னால் பூட்டிய போல்ட்டுகளைக் கழற்றினார்களா என்று பாருங்கள். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் பட்ட துணிகளை உள்ளே போட்டால் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. மெஷினைச் சுத்தம் செய்கிறேன் என்று பிளீச்சையும் ஆசிட்டையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் பதம் பார்க்கும்.

பராமரிப்புப் பெரிய வித்தையல்ல. எதைத் தொடும் முன்பும் சுவிட்சை அணைத்துப் பிளக்கை உருவுங்கள். ஃப்ரண்ட் லோடில் கீழே இருக்கும் வடிகால் ஃபில்டரை, உள்ளே வெந்நீர் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, மாதம் ஒருமுறை திறந்து ஹேர்பின், சில்லறை, நூல் கட்டிகளை எடுங்கள். தண்ணீர் உள்ளே வரும் குழாய் முனையில் ஒரு சின்ன வலை இருக்கும். போர் தண்ணீரில் வரும் மணல் அங்கேதான் அடைக்கும். உப்புத் தண்ணீர் ஊர்களில் ஹீட்டரில் படியும் படிமத்தை நீக்க டீஸ்கேலிங் பவுடர் போட்டு ஓடவிட வேண்டும். கையால் துவைக்கும் பவுடரை ஃப்ரண்ட் லோடில் போடாதீர்கள், நுரை பொங்கி வெளியே வழியும். மெஷினுக்கு அடியில் எலி புகாதபடி தடுப்புத் தகடு போடுங்கள். எலி கடித்த பழுது வாரண்டியில் வராது என்று பல நிறுவனங்கள் எழுதியே வைத்திருக்கின்றன. மோட்டாருக்குப் பத்து வருட வாரண்டி என்று பெரிதாக எழுதியிருந்தால், போர்டுக்கும் மற்ற பாகங்களுக்கும் எத்தனை வருடம் என்று கேட்டு வாங்குங்கள்.

பழுதானால் இணையத்தில் தேடி முதலில் வரும் கஸ்டமர் கேர் எண்ணை நம்பி அழைக்காதீர்கள். போலி எண்களைப் போட்டுவைத்து, ஏதோ ஒரு செயலியை இறக்கச் சொல்லி, வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும் கும்பல்கள் இருக்கின்றன. வாரண்டி அட்டையிலோ கையேட்டிலோ உள்ள எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். வருகிற டெக்னீஷியனிடம் ஜாப் ஷீட், மாற்றிய பாகத்தின் பெயர், பில் மூன்றும் கேளுங்கள். பில் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி முறையற்ற வணிக நடைமுறை.

ஷாக் அடித்து யாராவது மெஷினோடு ஒட்டிக்கொண்டால் ஓடிப்போய்ப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள். 108க்கு அழையுங்கள். மூச்சில்லை என்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை மார்பை அழுத்திக்கொண்டே இருங்கள். பிழைத்து எழுந்து உட்கார்ந்தாலும் ஈசிஜி எடுத்துப் பார்க்காமல் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

மெஷினின் குறையால் காயமோ இழப்போ ஏற்பட்டிருந்தால், தயாரிப்பாளர், விற்பனையாளர், சர்வீஸ் செய்தவர் ஆகியோரிடம் இழப்பீடு கேட்கும் பொருள் பொறுப்பு விதிகள் அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன. அபாயமான பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. இது வேறு நாடுகளில் நடந்தே இருக்கிறது. 2016 நவம்பரில் அமெரிக்காவில், ஸ்பின்னில் மேல்மூடி கழன்று பறக்கும் அபாயத்துக்காக சாம்சங் ஏறக்குறைய 28 லட்சம் டாப் லோடு மெஷின்களைத் திரும்ப அழைத்தது. பிரிட்டனில் கதவுப் பூட்டு சூடேறித் தீப்பிடிக்கும் அபாயத்துக்காக வேர்ல்பூல், 2019 டிசம்பரில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மெஷின்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அங்கே அது நடந்ததற்கு மக்கள் எழுதிய புகார்களும் ஒரு காரணம். எனவே விபத்து நடந்த மெஷினை நிறுவனத்தின் ஆள் எடுத்துச் செல்ல விடும் முன் எல்லாப் பக்கமும் படம் பிடியுங்கள், மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கழற்றிய பாகத்துக்கு எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள்.

புகார் செய்ய முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மெஷினை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.