கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சே?

பரு என்று வந்தால் களிம்பு. எடை கூடுகிறது என்றால் சோற்றைக் குறைக்கச் சொல்லி ஓர் அறிவுரை. முடி கொட்டினால் சத்து மாத்திரை. மூன்றும் ஒரே பெண்ணுக்கு, வெவ்வேறு டாக்டர்களிடம் நடந்திருக்கும். மாதவிலக்கு தள்ளிப்போவதை அவளாகச் சொல்லியிருக்க மாட்டாள்; யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். பி.சி.ஓ.எஸ். என்னும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை ஆண்டுக்கணக்கில் மறைந்திருப்பது இப்படித்தான். குழந்தை பெறும் வயதுப் பெண்களில் 100-க்கு 10 முதல் 13 பேருக்கு இது உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் 70 சதவீதம் பேர் வரை கண்டறியப்படாமலே இருக்கிறார்கள்.

சிதறிக் கிடக்கும் இந்த அறிகுறிகளை ஒன்றாகக் கோக்க வாய்ப்புள்ளவர் குடும்ப டாக்டர்தான். அந்தப் பெண்ணின் அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதும், அக்காவுக்குக் கரு தங்கத் தாமதமானதும் அவருக்குத் தெரியும்.

'நீர்க்கட்டி' என்ற பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஸ்கேனில் தெரிபவை கட்டிகள் அல்ல. வளர்ச்சி பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள். 1935-இல் சிகாகோவில் ஸ்டீன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் 7 பெண்களைப் பற்றி எழுதியபோது சினைப்பையின் தோற்றமே முன்னே நின்றது. பெயரும் அதிலேயே ஒட்டிக்கொண்டது. ஆனால் பலருக்குக் கோளாறு இன்சுலினில் இருக்கிறது. அது சரிவர வேலை செய்யாததால் உடல் அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த மிகுதி, சினைப்பையில் ஆண்ட்ரோஜென் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. மோவாயில் முடி முளைப்பதும் முட்டை வெளிவராமல் தடைபடுவதும் அதனால்தான். பின்கழுத்து கறுத்துத் தடிப்பதும் இன்சுலின் மிகுதியின் அடையாளம். அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

பி.சி.ஓ.எஸ்.-ஐக் கண்டறிய 2003-இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோல்படி, ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண்ட்ரோஜென் மிகுதி, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய 3-இல் 2 இருந்தால் போதும். முதல் இரண்டும் இருந்தால் ஸ்கேனே தேவையில்லை. தைராய்டு, புரோலாக்டின் போன்ற வேறு காரணங்கள் இல்லை என்பதை ரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வளரும் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். வயதுக்கு வந்த முதல் ஆண்டில் மாதவிலக்கு முன்பின்னாவது இயல்பு. 3 ஆண்டு கடந்த பிறகும் இடைவெளி 35 நாளைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். முதல் ஆண்டுக்குப் பின் ஒருமுறை 90 நாளைத் தாண்டினாலும் அப்படியே. வளரும் வயதில் ஸ்கேனை வைத்து முடிவு கட்டக்கூடாது என்கிறது 2023-இல் வெளியான சர்வதேச வழிகாட்டி. அந்த வயதில் நலமான சினைப்பையும் ஸ்கேனில் அப்படித் தெரியலாம். ஒரு படத்தைக் காட்டி, பதினாறு வயதுப் பிள்ளையிடம் "குழந்தை பிறக்காது" என்று பயமுறுத்துவது கொடுமை. அது உண்மையும் அல்ல. சிகிச்சையால் பெரும்பாலோருக்குக் குழந்தை பிறக்கிறது.

"கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்பதும் அதே அளவு தீங்கு. காத்திருக்கும் ஆண்டுகளில் சர்க்கரையும் ரத்தக் கொழுப்பும் ஏறலாம், மாதக்கணக்கில் விலக்காகாவிட்டால் கருப்பையின் உட்சவ்வு தடிக்கலாம், மனச்சோர்வும் பிடித்துக்கொள்ளலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாமல், 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து 2 மணி நேரம் கழித்துப் பார்ப்பது நல்லது.

சிகிச்சையாக எழுதித்தருவது பல நேரம் ஹார்மோன் மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் அது கருத்தடை மாத்திரை என்று தெரிந்ததும் அம்மா பதறிப்போவார். கல்யாணமாகாத பெண்ணுக்கு அதை ஏன் தருகிறோம் என்பதைச் சீட்டைக் கையில் கொடுக்கும்போதே, அம்மா, மகள் இருவரையும் உட்காரவைத்து டாக்டர் சொல்லிவிட வேண்டும்.