பொக்கட்டில் போன், ஹேண்டிலில் அம்புக்குறி

2025ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம். புறக்கோட்டையில் உடுபுடவைக் கடை வைத்திருப்பவர்களுக்கு அந்த நாட்கள் எப்படிப்பட்டவை என்று நான் சொல்லத் தேவையில்லை. கடைக்குள் நிற்க இடமில்லை. அதே நேரம் வட்ஸ்அப்பில் வந்த ஓடர்கள் தனியாகக் குவிந்து கிடந்தன. எங்களிடம் பார்சல் கொண்டு போக மோட்டார் சைக்கிளில் இரண்டு தம்பிமார் இருந்தார்கள். அவர்களில் இளையவர் அன்று பின்னேரம் கொலன்னாவைக்கும் வெல்லம்பிட்டிக்கும் பதினொரு பார்சல்களோடு புறப்பட்டார்.

மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னர் தெரியாத இலக்கமொன்றிலிருந்து அழைப்பு வந்தது. தம்பி தெமட்டகொடைப் பக்கம் ஒரு முச்சக்கர வண்டியின் பின்புறம் மோதி விழுந்துவிட்டார். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கை மணிக்கட்டு உடைந்திருந்தது. விபத்துப் பிரிவில் என்னைக் கண்டதும் அவர் முதலில் கேட்டது, "பார்சல் ஒண்டும் பழுதாகல்லயே நானா?" என்றுதான்.

ஹேண்டிலில் மாட்டியிருந்த அவரது போனை வீதியில் நின்ற ஒருவர் எடுத்துக் கொடுத்திருந்தார். கண்ணாடி நொறுங்கியிருந்தாலும் வெளிச்சம் வந்தது. வரைபடத்தின் மேல் பாதியை மறைத்துக் கொண்டு ஒரு செய்தி நின்றது. "எங்க நிக்கிறீங்க? கஸ்டமர் கேக்கிறாங்க." அனுப்பியவன் நான்தான். அந்த ஒரு மணித்தியாலத்தில் என்னுடைய ஏழு செய்திகளும் மூன்று தவறிய அழைப்புகளும் அதில் இருந்தன.

அவருடைய உம்மா என்னைக் குறை சொல்லவில்லை. "உங்கட கோல் எண்டா அவன் பார்க்காம இருக்க மாட்டான் முதலாளி" என்றார். அவ்வளவுதான். அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தக் கட்டுரையின் விடயத்தை நான் தேட ஆரம்பித்தேன்.

போன் அந்த இடத்துக்குரியதல்ல

வீட்டுக்கே பொருள் அனுப்பும் வியாபாரம் இன்று பெரிய நிறுவனங்களோடு நின்றுவிடவில்லை. உணவு, துணி, மருந்து, கேக், உதிரிப்பாகம் என்று சிறு கடைக்காரர்களும் ஒரு மோட்டார் சைக்கிளையும் ஒரு தம்பியையும் நம்பித்தான் அதைச் செய்கிறோம். அந்தத் தம்பி ஸ்மார்ட் போனை நம்பி ஓடுகிறார். சந்தையில் கிடைக்கும் ஒரு பிளாஸ்டிக் பிடியில் அதை மாட்டிக் கொள்கிறார். பிடி இல்லாதவர் ஒரு கையில் பிடித்துக் கொள்கிறார். ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பாவிப்பது நம் நாட்டில் குற்றம். பிடியில் மாட்டினால் சட்டச் சிக்கல் குறையலாம், ஆபத்து குறைவதில்லை.

ஒரு சிறு கணக்கு. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு செக்கனில் 11 மீற்றர் ஓடுகிறது. வரைபடத்தில் நீலக் கோடு எங்கே திரும்புகிறது என்று பார்க்க இரண்டு செக்கன் எடுத்தால் 22 மீற்றர். அதாவது ஏறத்தாழ இரண்டு பஸ் நீளத்துக்கு அவர் கண்ணை மூடிக் கொண்டு போனதற்குச் சமம். எங்கள் மற்றத் தம்பி இதை இப்படிச் சொன்னார்: "போனைப் பார்த்தா ரோட்டைப் பார்க்க ஏலா நானா. ரோட்டைப் பார்த்தா திரும்புற இடம் போயிரும்."

வேறு தொல்லைகளும் உண்டு. கொழும்பு வெயிலில் போன் சூடாகித் திரை மங்கிவிடும். மழை பட்டால் விரல் தொடுவதைத் திரை சரியாக உணராது. எஞ்சின் அதிர்வும் போனுக்கு ஆகாது. ஐபோன் தயாரிக்கும் அப்பிள் நிறுவனமே 2021 செப்டெம்பரில் இதுபற்றி ஓர் அறிவித்தல் விடுத்தது. வலுக்கூடிய மோட்டார் சைக்கிள்களில் போனை நேரடியாகப் பொருத்த வேண்டாம் என்றும், அந்த அதிர்வு கெமராவின் நுண்ணிய பாகங்களைப் பாதிக்கலாம் என்றும் அதில் சொல்லியிருந்தது. சிறிய ஸ்கூட்டர்களிலும் அதிர்வைத் தணிக்கும் பிடியைப் பாவிக்குமாறு கூறியது.

கருவி செய்யும் வேலை

நான் சொல்ல வரும் கருவி புதுமையானதொன்றல்ல. போன் தம்பியின் சட்டைப் பையிலோ ஜக்கெற்றிலோ இருக்கும். ஜிபிஎஸ் மூலம் இடத்தை அறிவதும் வழியைக் கணிப்பதும் போன்தான். ஹேண்டிலில் ஒரு சிறிய திரை மாட்டப்படும். போனிலுள்ள செயலி புளூடூத் வழியாக அந்தத் திரைக்கு இரண்டு செய்திகளை மட்டும் அனுப்பும். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், இன்னும் எத்தனை மீற்றர் இருக்கிறது. அனுப்பப்படும் தகவல் மிகச் சிறியது என்பதால் திரையின் பற்றரி நெடுநேரம் நிற்கும். போனின் திரை அணைந்தே இருக்கலாம் என்பதால் போனின் பற்றரியும் மிஞ்சும்.

லண்டனில் ஆரம்பமான பீலைன் என்ற நிறுவனம் 2015இல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் பொதுமக்களிடம் பணம் திரட்டி, முதலில் துவிச்சக்கர வண்டிக்கு இப்படியொரு வட்டக் கருவியைச் செய்தது. பின்னர் மோட்டார் சைக்கிளுக்கும் கொண்டு வந்தது. சைக்கிள் கம்பனிகளும் இதைத் தங்கள் வண்டிகளிலேயே பொருத்தத் தொடங்கின. 2018இல் இந்தியாவில் வெளிவந்த டீவீஎஸ் என்டோர்க் 125 ஸ்கூட்டரின் மீற்றரில் புளூடூத் இணைப்பும் வழிகாட்டலும் இருந்தன. ரோயல் என்பீல்ட் 2020 நவம்பரில் மீட்டியோர் 350 உடன் 'ட்ரிப்பர்' என்ற சிறு வட்டத்திரையை அறிமுகப்படுத்தியது. அது கூகுள் வழிகாட்டலை அம்புக்குறியாகக் காட்டும். 2023இல் வந்த ஹிமாலயன் 450 முழு வரைபடத்தையே மீற்றரில் காட்டுகிறது.

ஆனால் நம் தம்பிமார் ஓட்டுபவை பெரும்பாலும் இவையல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்கள் பழைய வண்டிகளைத் திருத்தித் திருத்தியே ஓடினோம். ஆகவே நமக்குப் பொருந்துவது எந்த வண்டியிலும் தனியாக மாட்டக்கூடிய திரைதான்.

பெரிய திரையா, சிறிய திரையா?

கடைகளில் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று ஐந்து அங்குலம் அல்லது அதற்கு மேற்பட்ட திரை. அன்ட்ரொயிட் ஓட்டோ அல்லது கார்ப்ளே மூலம் முழு வரைபடம், பாட்டு, அழைப்பு, செய்தி எல்லாம் அதில் வரும். மின்சாரம் வண்டியின் பற்றரியிலிருந்து எடுக்க வேண்டும். மற்றது கைக்கடிகாரம் அளவிலான சிறு திரை. அம்புக்குறி, தூரம், அவ்வளவுதான்.

முதலில் எனக்கும் பெரியதில்தான் கண் போனது. பக்கத்துக் கடை ஹாஜியார் ஒரு கேள்வி கேட்டார். "தம்பி போனைப் பார்த்துத்தானே விழுந்தான்? நீங்க அதவிடப் பெரிய போனையா மாட்டப் போறீங்க?" நியாயமான கேள்வி. நீண்ட பயணம் போகிறவருக்குப் பெரிய திரை உதவலாம். சந்திக்குச் சந்தி நின்று திரும்பும் நகர விநியோகத்துக்குக் குறைவாகக் காட்டும் திரையே நல்லது என்று தீர்மானித்தேன். முதலாளியின் செய்தி அதில் வராது என்பதுதான் எனக்கு அதிலிருந்த பெரிய இலாபம்.

வரவு செலவு

சிறு திரை ஒன்றுக்கு நான் கொடுத்தது 19,500 ரூபா. வாங்குமுன் ஒரு மாதம் மற்றத் தம்பியிடம் ஒரு கொப்பி கொடுத்து, வழி தவறிய தடவைகளைக் குறிக்கச் சொல்லியிருந்தேன். நாளொன்றுக்கு மூன்று நான்கு தடவைகள். ஒருவழிப் பாதையில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் எவ்வளவு சுற்ற வேண்டும் என்பது காலி வீதியிலும் டூப்ளிகேஷன் வீதியிலும் ஓடியவர்களுக்குத் தெரியும். மொத்தம் நாளுக்கு ஏழு கிலோமீற்றர் வீணாகியது. கருவி வந்த பின்னர் அது இரண்டு கிலோமீற்றராகக் குறைந்தது.

மிஞ்சிய ஐந்து கிலோமீற்றரை 26 வேலை நாட்களால் பெருக்கினால் 130 கிலோமீற்றர். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு மூன்று லீற்றருக்குச் சற்றுக் குறைவு. பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் மாதம் 870 ரூபா அளவில்தான் மிச்சம். 2022இல் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர்தான் கிடைத்தது. அந்த நாட்களை நினைத்தால் மூன்று லீற்றர் சிறிதல்ல. ஆனாலும் பெற்றோலை மட்டும் வைத்துப் பார்த்தால் கருவியின் விலை திரும்ப இரண்டு வருடத்துக்குக் கிட்ட ஆகும். இதை மறைத்து உங்களை வாங்கச் சொல்வது நேர்மையல்ல.

நேரத்தையும் சேர்த்தால் கணக்கு மாறுகிறது. நாளுக்கு இருபது நிமிடம் மிஞ்சுவதால் இன்னொரு பார்சல் போகிறது. வாடிக்கையாளர் தரும் 350 ரூபாவில் தம்பியின் 150 ரூபாவும் எரிபொருளும் போக எனக்கு 170 ரூபா நிற்கும். மாதத்துக்கு 4,420 ரூபா. பெற்றோலோடு சேர்த்தால் நான்கு மாதத்துக்குள் முதல் திரும்பிவிடும். அனுப்புவதற்குப் பார்சல் இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு சரி.

இவை எதிலும் சேராத ஒரு செலவும் உண்டு. விபத்தில் தம்பிக்கு ஆறு வாரம் வேலையில்லை. அவருடைய சம்பளம், உடைந்த போன், முச்சக்கர வண்டிக்காரருக்குக் கொடுத்தது என்று எல்லாம் சேர்த்தால் அந்தப் பணத்துக்கு இப்படியான கருவிகள் எட்டுப் பத்து வாங்கியிருக்கலாம்.

வாங்குமுன் பாருங்கள்

முதலாவது, அதன் செயலி இலங்கை வீதிகளில் வேலை செய்கிறதா என்று கடையிலேயே உங்கள் போனில் போட்டுப் பாருங்கள். எல்லாக் கருவிகளும் கூகுள் வரைபடத்தைப் பாவிப்பதில்லை. சில ஓபன்ஸ்ட்ரீட்மெப் போன்ற வேறு வரைபடங்களில் ஓடுகின்றன. சில மலிவான கருவிகள் போனில் வரும் கூகுள் அறிவித்தலை வாசித்து அதையே திரையில் காட்டுகின்றன. அவை பெரும்பாலும் அன்ட்ரொயிட் போன்களோடுதான் ஒத்துவரும்.

இரண்டாவது, நீர் புகாத தரம். ஐபி67 என்றிருந்தால் தூசு உள்ளே போகாது, ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். நம் மழைக்கு அது போதும்.

மூன்றாவது, நடுப்பகல் வெயிலில் வெளியே கொண்டு போய்த் திரை தெரிகிறதா என்று பாருங்கள். கடைக்குள் எல்லாத் திரையும் அழகாகத்தான் தெரியும்.

நான்காவது, போனில் பற்றரி சேமிப்பு முறை இயங்கினால் பின்னணியில் ஓடும் செயலியை அது நிறுத்திவிடும். அம்புக்குறி நடுவழியில் உறைந்து நிற்கும். எங்களுக்கு முதல் வாரம் இதுதான் நடந்தது. அந்தச் செயலிக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்ததும் சரியாகியது.

ஐந்தாவது, இலகுவில் கழற்றக் கூடியதா என்று பாருங்கள். பார்சல் கொடுக்கப் படியேறும் ஒவ்வொரு தடவையும் கழற்றிப் பையில் போடாவிட்டால் திரும்பி வரும்போது அது இருக்கும் என்று சொல்ல முடியாது.

இவற்றை மொத்தமாக இறக்கி விற்க நினைக்கும் வியாபாரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புளூடூத் கருவி வானொலி அலையைப் பாவிப்பது. ஆகவே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பற்றி முதலில் விசாரித்துக் கொள்ளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமான பெறுமதி சேர் வரியையும் விலையில் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கருவி செய்யாத வேலையும் உண்டு. வாடிக்கையாளர் அனுப்பிய இடக்குறி பிழையென்றால் அம்புக்குறியும் பிழையான வாசலுக்கே கொண்டு போகும். தோட்டங்களுக்குள் 117/23 என்ற வீட்டை எந்தச் செயலியும் சரியாகக் காட்டுவதில்லை. ஆகவே பார்சல் புறப்படுமுன் கடையிலிருந்தே வாடிக்கையாளரோடு பேசி, பக்கத்திலுள்ள பள்ளிவாசல், பாடசாலை, கடை என்று ஓர் அடையாளத்தைக் கேட்டு எழுதிக் கொடுக்கிறோம். மிச்சத்தை அந்த இடத்தில் நிறுத்தி, மனிதரிடம் கேட்பதே சுருக்கமான வழி.

செலவு யாருடையது?

பல கடைகளில் வண்டி தம்பியுடையது, போன் தம்பியுடையது, தலைக்கவசமும் தம்பியுடையது. பார்சல் மட்டும்தான் நம்முடையது. நானும் அப்படித்தான் இருந்தேன். இந்தக் கருவியை அவர்களின் சம்பளத்தில் கழிக்க வேண்டாம் என்று என் சக வியாபாரிகளைக் கேட்டுக் கொள்கிறேன். தராசும் பில் புத்தகமும் போல இதுவும் கடையின் சாமான்தான்.

இன்னொன்றுக்குச் செலவே இல்லை. வண்டி ஓடிக் கொண்டிருக்கும்போது தம்பிக்கு அழைப்பதை நான் நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு பார்சலையும் கொடுத்த பின்னர், வண்டியை நிறுத்திய இடத்தில், அவரே ஒரு செய்தி போடுவார். வாடிக்கையாளர் அவசரப்பட்டால் அந்த ஏச்சை நான் கேட்டுக் கொள்கிறேன். முதல் இரண்டு வாரம் கை பரபரத்தது. இப்போது பழகிவிட்டது.

கை குணமாகித் திரும்பி வந்த அன்று தம்பிக்கு அந்தச் சிறு திரையைக் கொடுத்தேன். ஹேண்டிலில் மாட்டிப் பார்த்துவிட்டு, "இதில உங்கட மெசேஜ் வராதா நானா?" என்று கேட்டார். வராது என்றேன். சிரித்துவிட்டுப் போனைப் பையில் போட்டுக் கொண்டு, தெஹிவளைப் பார்சல்களோடு புறப்பட்டார்.