தமிழ்நாட்டில் காற்று மின்னாற்றல்

தமிழ்நாட்டில் 1986 ஆம் ஆண்டு தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் காற்றாலைகள் நிறுவப்பட்டன. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு கணவாய்களில் தென்மேற்குப் பருவக்காற்று குவிந்து வீசுவதால் முப்பந்தல், கயத்தாறு, உடுமலைப்பேட்டைப் பகுதிகளில் அவை பெருகின. இதற்கு எரிபொருள் வேண்டாம், புகை இல்லை. கோபுரங்களுக்கிடையே வேளாண்மையும் செய்யலாம்.

பறவைகள் மோதுவது, இரைச்சல் ஆகிய குறைகளும் உண்டு. ஆனால் பெரிய குறை காற்றின் நிலையாமையே. காற்றிலுள்ள திறன் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும்; வேகம் பாதியானால் திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். பருவக்காற்று ஓய்ந்த மாதங்களில் அனல்மின் நிலையங்களையே நாட வேண்டியுள்ளது. மாறாக, பருவக்காலத்தில் தேவை குறைந்த நள்ளிரவில் மின்சாரம் மிகுந்தால், சேமிக்க வழியின்றி, நன்றாகக் காற்று வீசும்போதே காற்றாலைகளை நிறுத்தவும் நேர்கிறது. நீலகிரியின் குந்தா நீரேற்று மின்திட்டம் இதற்கு உதவக்கூடியது: மிகை மின்சாரத்தால் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவையானபோது கீழே விட்டு மின்சாரம் எடுப்பது அதன் முறை.