ஒரு முடி போதுமா?

ஈப்போ புந்தோங்கில் என் அக்கா வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் துப்பறியும் தொடர்தான். அன்றைக்கும் அப்படித்தான். தலையணையில் கிடந்த ஒரு முடியை அதிகாரி எடுத்தார். விளம்பரம் முடிந்து வந்தால் கணினித் திரையில் கொலைகாரனின் படம், பெயர், முகவரி! “இவ்வளவுதானா மாமா?” என்றாள் அக்கா மகள்.

இவ்வளவு சுலபம் இல்லை. தானாக உதிர்ந்த முடியில் பெரும்பாலும் வேர்ச் செல்கள் இருக்காது. அவை இல்லாமல் ஒருவரைத் தனித்துக் காட்டும் டிஎன்ஏ கிடைப்பது கடினம். தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ கிடைக்கலாம். ஆனால் பாட்டி, அம்மா, சித்தி, பிள்ளைகள் எல்லாருக்கும் பொதுவாக அது ஒன்றுதான். ஒப்பிட இன்னொரு மாதிரியும் வேண்டும். நம் மைகார்டில் கட்டைவிரல் ரேகை உண்டு, டிஎன்ஏ கிடையாது. 2009-ஆம் ஆண்டு டிஎன்ஏ சட்டத்தின் கீழ் அமைந்த தரவு வங்கியில் சந்தேக நபர்கள், தண்டனை பெற்றவர்கள் போன்ற சில பிரிவினரின் விவரம் மட்டுமே இருக்கிறது.

சரி, பொருந்தியே விட்டது என்று வைத்துக்கொள்வோம். 2003-இல் நம் இளைஞர் ஒருவர் போதைப்பொருள் வழக்கில் பிடிபட்டார். சற்று நேரத்தில் அதே வீட்டுக்கு வந்த அவருடைய இரட்டைச் சகோதரரும் கைதானார். 166 கிலோ கஞ்சா. குற்றம் உறுதியானால் அன்றைய சட்டப்படி தூக்கு. முதலில் பிடிபட்டவர் இருவரில் யார்? போலீசாரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள் என்பதால் டிஎன்ஏவும் கைகொடுக்கவில்லை. 2009 பிப்ரவரியில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. தவறான ஆளைத் தூக்குக்கு அனுப்ப முடியாதல்லவா?

தொடர்களில் வராத டிஎன்ஏ கதையொன்று பேராக் தோட்டப்புறங்களில் உண்டு. பால்மரக் காலத்தில் கோயிலில் தாலி கட்டியதோடு பலருக்குக் கல்யாணம் முடிந்தது. முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிவு செய்வது 1982 மார்ச் முதல் கட்டாயமான பிறகும் பதியாமல் விட்டவர்கள் இருந்தார்கள். பிள்ளை பிறந்ததையும் சிலர் பதியவில்லை. அடையாள அட்டை இல்லாமல் வளர்ந்த பிள்ளைக்காகக் குடும்பம் அலையும்போது, பெற்றோர் யார் என்று காட்ட டிஎன்ஏ சோதனை வருகிறது.

அதில் சோதனை கெட்டிக்காரத்தனமானது. அப்பா இறந்துவிட்டாலும், மகனின் ஒய் குரோமோசோமைச் சித்தப்பாவுடையதோடு ஒப்பிட்டுத் தந்தைவழியை அறியலாம். (மகளுக்கு ஒய் இல்லை; அந்த வழி உதவாது.) ஆனால் அது குடியுரிமை தராது. பிள்ளை பிறந்தபோது பெற்றோர் திருமணம் சட்டப்படி பதிவாகியிருக்காவிட்டால், அரசியலமைப்புச் சட்டம் தாயின் நிலையைத்தான் பார்க்கிறது. அப்பா மலேசியர், அம்மாவிடம் அடையாள அட்டை இல்லை என்றால் பிள்ளை பாடு திண்டாட்டம்தான்.

“இவர்தான் அப்பா என்று லேப் சொன்ன பிறகுமா?” என்று கேட்டாள் அக்கா மகள். ஆமாம், சொன்ன பிறகும்தான். பழைய கிளினிக் அட்டை, தோட்டப் பள்ளிச் சான்றிதழ், தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை ஏதாவது உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள்.