தார் அட்டைக் கூரையை மாற்றுவது எப்படி?

அமெரிக்கப் புறநகர் வீடுகளின் சரிவுக் கூரைகளில் பெரும்பாலானவை ஓடும் இல்லை, தகரமும் இல்லை, தார் அட்டைதான். ஷிங்கிள் என்பார்கள். கண்ணாடி இழைப் பாயின் இரு பக்கமும் தார் ஏற்றி, மேல்பக்கம் கல் குறுமணிகளைப் பதித்துச் செய்வது. 1903 வாக்கில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் ஹென்றி ரெனால்ட்ஸ் என்பவர், சுருளாக விற்ற தார்த்தாளைத் துண்டு துண்டாக வெட்டி அடிக்கத் தொடங்கினார் என்பது இதன் பூர்வீகம்.

குறுமணிகள் நிறத்துக்காக மட்டும் இல்லை. தார் தண்ணீரை விடாது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிருக்குத் தாங்காது, காய்ந்து வெடித்துவிடும். அந்தக் கதிரை மறிப்பவை மணிகளே. கூரையோரப் பீலியில் கரும்மணல் சேர ஆரம்பித்தால், ஷிங்கிளின் ஓரங்கள் சுருண்டால், கூரைக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். அந்த ஊர்களில் தெற்குப் பார்த்த சரிவுதான் முதலில் மூப்படையும்.

மீன் செதிலைப் போல ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையின் மேல் ஏறி நிற்கிறது. வெளியே தெரிவது 5 அங்குலம் சொச்சம்தான். தண்ணீர் மேலிருந்து கீழேதான் ஓடும் என்ற ஒரே நம்பிக்கையில் நிற்கும் கட்டுமானம் இது. அந்த நம்பிக்கை பொய்க்கும் இடங்களில்தான் கூரை ஒழுகும். ஷிங்கிளை மாற்றுகிறவர்கள் பலர் ஷிங்கிளையே பார்த்துக்கொண்டிருந்து இதைக் கோட்டை விடுகிறார்கள்.

பனி விழும் ஊர்களில் தண்ணீர் நிஜமாகவே மேலே ஏறும். வீட்டுக்குள்ளிருந்து கசியும் சூட்டில் கூரைப் பனி உருகி வழிகிறது. சுவரைத் தாண்டி நீண்டிருக்கும் இறவாரத்துக்கு அடியில் சூடு இல்லை. அங்கே வந்ததும் உறைந்து வரம்பு கட்டிக்கொள்கிறது. பின்னால் வரும் நீர் தேங்கி, ஷிங்கிளுக்கு அடியில் புகுந்து மேல்நோக்கிப் போகிறது. ஆகவேதான் இத்தகைய இடங்களில் இறவார விளிம்பிலிருந்து வெளிச்சுவரைத் தாண்டி உள்ளே 24 அங்குலம் வரை ஒட்டும் தார்ச்சவ்வு விரிக்கச் சொல்கிறது கட்டட விதி. ஆணி துளைத்தாலும் அந்தச் சவ்வு ஆணியைச் சுற்றி இறுகிக்கொள்ளும். கூரை உள்ளறையில் காற்றோட்டம் வைப்பதும் இந்தப் பனி வரம்பைத் தடுக்கத்தான்.

அடுத்தது புகைபோக்கி. அதன் சுவரும் கூரைச் சரிவும் சேரும் இடத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மடித்த தகரத்தைப் படிப்படியாகச் செருக வேண்டும். பழைய தகரத்தை அப்படியே விட்டு மேலே தார்ப்பசை அப்பிப் போவது எளிது. ஒழுகலும் அங்கேதான் திரும்ப வரும்.

பழையதன் மேலேயே புதியதை அடிக்கலாமா? மொத்தம் இரண்டு அடுக்கு வரை பல ஊர்களில் அனுமதி உண்டு. ஆனால் அடியிலுள்ள பலகை உளுத்துப்போயிருந்தால் தெரியாமலே போய்விடும். உரிப்பதுதான் சரி. பல் வைத்த மண்வெட்டியால் முகட்டிலிருந்து கீழ்நோக்கி உரித்து, மெத்தென்று அமுங்கும் பலகையை வெட்டி மாற்றி, விரிப்புத்தாள் போட்டு, பிறகு இறவாரத்திலிருந்து மேலேறுவார்கள்.

ஒரு ஷிங்கிளுக்கு நான்கு ஆணி, பலத்த காற்றடிக்கும் பகுதியில் ஆறு. தயாரிப்பாளர் குறித்த கோட்டிலேயே அடித்தால் ஆணி கீழ் ஷிங்கிளின் தலையையும் பிடிக்கும். கொஞ்சம் மேலே தவறினால் பிடிப்பு பாதியாகும். ஆணித்தலை அட்டையைக் கிழித்து உள்ளே போனாலும் பயனில்லை. அடியிலுள்ள பசைப்பட்டை வெயில் சூட்டில்தான் ஒட்டும். கடுங்குளிரில் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது.

நீங்களே செய்யலாமா? 2,000 சதுர அடிக் கூரைக்கு ஏறக்குறைய 60 கட்டு; மொத்தம் 2 டன் அளவுக்கு மேலே ஏற்ற வேண்டும். மாடி இல்லாத வீடு, நின்று நடக்கக்கூடிய சரிவு, இடுப்பு வார்ப்பட்டையும் முகட்டில் கொக்கியும் இருந்தால் துணிவுள்ள இருவர் செய்யலாம். செங்குத்தான சரிவாக இருந்தால் மிச்சமாகும் காசுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம், கூலிக்காரரை அழையுங்கள். யார் செய்தாலும் முடிந்ததும் காந்த உருளையைப் புல்தரையில் உருட்டிப் பழைய ஆணிகளைப் பொறுக்கிவிட வேண்டும். உரித்த ஷிங்கிளைச் சில இடங்களில் அரைத்துச் சாலைத்தாரில் கலக்கிறார்கள். குப்பைத்தொட்டியை வாடகைக்கு எடுக்கும்போதே அதை விசாரித்துவிடலாம்.