ஈர நெல்லின் விலை

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமம் வயல்கள் கந்தளாய்க் குளத்து நீரால் விளைவன. அங்குள்ள சிறு கமக்காரருக்கு நெல்லை விளைவித்தல் பாதி வேலை, விற்றல் மறுபாதி. அறுவடை முடிந்ததும் கடன் நெருக்குவதால், ஈர நெல்லைக் களத்திலேயே வந்த விலைக்குக் கொடுக்க நேர்கிறது. 1971ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நெல் சந்தைப்படுத்தும் சபையோ, உத்தரவாத விலை கொடுக்க ஈரப்பதம் நூற்றுக்கு 14க்கு மேற்படாத நெல்லையே வேண்டுகிறது. ஆதலின் உலர்த்தும் தளமும் களஞ்சியமும் உரத்தைப் போலவே இன்றியமையாதன.

பயிற்சியின் அருமையை 2021ஆம் ஆண்டு உணர்த்திற்று. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. சேதனப் பசளைக்குப் போதிய பழக்கமும் இருப்புமின்றி உழவர் இடருற்றனர். நவம்பரில் தடை தளர்ந்தது. மண்ணைப் பேணும் வேளாண்மை ஆணையால் வருவதன்று; வைக்கோலையும் சாணத்தையும் கூட்டெருவாக்கும் பயிற்சியாலும், விளைந்ததை ஒன்றுகூடி உலர்த்தி விற்கும் ஒற்றுமையாலும் படிப்படியாக வேரூன்றுவதாகும்.